முட்டை எல்லாம் கூமுட்டையா? பேண்டம் சேவலைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்க!

சேலத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் இருக்கும் நாமக்கல் பகுதியில் தினமும் கோடிக்கணக்கில் முட்டை உற்பத்தியாகிறது. அந்த முட்டைப் பண்ணைகளில் சேவலுக்கு வேலையே கிடையாது. சாப்பிடுகிற முட்டைக்கு சேவல் தேவையில்லை.

ஆனால் சேலம் அம்மாபேட்டை மாதிரி வீடுகள் நெருக்கமாக இருக்கும் பகுதிகளில், மொட்டை மாடியில் கூண்டு வைத்து பேண்டம் கோழி வளர்ப்பவர்களுக்கு கணக்கே வேறு. அங்கே காசு முட்டையில் இல்லை, குஞ்சில் இருக்கிறது. நாட்டுக்கோழியைவிட பல மடங்கு விலை கொடுத்து ஒரு ஜோடி வாங்கி, ஆறேழு மாதம் தீனி போட்டு வளர்த்து, கடைசியில் அடை வைத்த பத்து முட்டையில் இரண்டு மட்டும் பொரித்தால் மனசு விட்டுப் போகும்.

"சேவல் நல்லாத்தான் மிதிக்குது, ஆனா குஞ்சு வரல" என்பதுதான் பெரும்பாலானவர்களின் புலம்பல். அடுத்த நாளே சேவலை விற்றுவிடுவார்கள், இல்லையென்றால் குழம்பு வைத்துவிடுவார்கள். பல நேரங்களில் தப்பு சேவல் மேல் இருப்பதே இல்லை. சில நேரங்களில் தப்பு சேவலின் ரத்தத்திலேயே இருக்கும். அதற்கு எந்த டானிக்கும் வேலை செய்யாது. எது எது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பேண்டம் என்றால் எந்தக் கோழி?

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள பாண்டன் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்த சொல் இது. அந்தப் பக்கம் போன ஐரோப்பிய மாலுமிகள் அங்கே பார்த்த குட்டிக் கோழிகளுக்கு ஊரின் பெயரையே வைத்தார்கள். இன்று உருவத்தில் சிறிய அழகுக் கோழிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

கால் முழுக்க இறகு மூடிய கொச்சின் பேண்டம், தரையோடு தரையாக நடக்கும் ஜப்பானிய பேண்டம், இறகு ஓரத்தில் கறுப்புக் கோடு போட்டது போல இருக்கும் சீப்ரைட், மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உருவான செராமா எல்லாம் இந்தக் கூட்டம்தான். பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கியையும் பலர் இதே வரிசையில் வைத்து விற்கிறார்கள்.

நம்ம ஊர் சிறுவிடைக் கோழியும் உருவத்தில் சின்னதுதான். ஆனால் அது தோட்டத்தில் மேய்ந்து, தானே அடை உட்கார்ந்து, தானே குஞ்சு பொரித்து வந்த இனம். பொரிக்காத சிறுவிடை தலைமுறை தலைமுறையாக இயற்கையாகவே கழிந்துபோய்விடும். பேண்டம் அப்படி இல்லை. கால் நீளம், கொண்டை வடிவம், இறகு என்று கண்ணுக்கு அழகானதை மனிதர்கள் பொறுக்கி எடுத்து உருவாக்கியது. அந்த அழகுக்கு ஒரு விலை இருக்கிறது. அது என்ன என்று பார்ப்பதற்கு முன் ஒரு அடிப்படைக் கேள்வியைத் தீர்க்க வேண்டும்.

முதல் கேள்வி: கரு கூடலையா, கூடிய கரு செத்துப்போச்சா?

பொரிக்காத முட்டை எல்லாவற்றையும் 'கூமுட்டை' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, கரு கூடவே இல்லாத முட்டை. இன்னொன்று, கரு கூடி, வளரத் தொடங்கி, பாதியில் செத்த முட்டை. முதலாவதில் மட்டும்தான் சேவல் மேல் முதல் சந்தேகம் வர வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு.

உடைத்துப் பார்ப்பது: அன்று இட்ட முட்டையை ஒரு தட்டில் உடைத்து ஊற்றுங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது ஒழுங்கில்லாமல், கெட்டியான சின்னப் பொட்டாக இருந்தால் கரு கூடவில்லை. வட்டமாக, நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் வளையமாகவும் இருந்தால் கரு கூடியிருக்கிறது. ஒரு முட்டையை வைத்து முடிவு கட்டாதீர்கள். நாலைந்து முட்டையாவது பார்க்க வேண்டும். உடைத்த முட்டையை ஆம்லெட் போட்டுக்கொள்ளலாம், நஷ்டமில்லை.

வெளிச்சத்தில் பார்ப்பது: அடை வைத்த 7ஆம் நாள் இரவு, இருட்டில், செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் அகலமான பக்கத்தை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்த நாளங்கள் தெரிந்தால் கரு உயிரோடு வளர்கிறது. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்தால் கரு கூடாமல் இருக்கலாம், அல்லது முதல் சில நாட்களிலேயே செத்திருக்கலாம். சந்தேகமான முட்டையை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கடைசி வகைதான் பலரை ஏமாற்றுகிறது. மூன்றாம் நாளில் செத்த கரு வெளிச்சத்தில் 'வெறும் முட்டை' போலவே தெரியும். பழி சேவலுக்குப் போகும்.

கரு செத்திருந்தால்: முட்டை வைத்த இடத்தைப் பாருங்க

பெட்டைக்கோழியின் வயிற்றிலிருந்து முட்டை வெளியே வரும்போதே கரு கொஞ்சம் வளர்ந்திருக்கும். வெளியே வந்து சூடு குறைந்ததும் அது 'தூங்க'ப் போகும். அடை வைத்த பிறகு மறுபடி எழுந்து வளரும். சுற்றுப்புற வெப்பம் 20 முதல் 24 டிகிரியைத் தாண்டினால், அடை இல்லாமலேயே அந்தக் கரு அரைத்தூக்கத்தில் எழுந்துவிடும். முழுசாக வளரவும் சூடு போதாது, தூங்கவும் முடியாது. அப்படி சில நாள் கிடந்தால் பலவீனமாகி செத்துப்போகும்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் ஒரு கூடையில் முட்டை சேர்த்து, பத்து நாள் கழித்து மொத்தமாக இன்குபேட்டரில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

என்ன செய்யலாம்?

* வெயில் காலத்தில் 4, 5 நாளுக்கு மேல் முட்டையைச் சேர்த்து வைக்க வேண்டாம். மற்ற நாட்களில் ஒரு வாரம் வரை பரவாயில்லை.
* வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் வைப்பது பழைய வழி, செலவும் இல்லை. முட்டை மட்டும் நனையக் கூடாது.
* கூர்மையான பக்கம் கீழே இருக்கட்டும்.
* வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிர் கருவுக்கு அதிகம்.
* முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் இருக்கும் இயற்கைப் பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போகும்.

இன்குபேட்டரில் காற்றாடி உள்ள வகையில் 37.5 டிகிரி என்பது பொதுவான அளவு. வெப்பமானி அரை டிகிரி, ஒரு டிகிரி தப்பாகக் காட்டினாலே பொரிப்பு குறையும். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் அதுவும் ஒரு காரணம். இயந்திரத்தின் மேல் சந்தேகம் இருந்தால், அதே முட்டையில் பாதியை அடைக்கு உட்கார்ந்திருக்கும் சிறுவிடைக் கோழிக்கு வைத்துப் பாருங்கள். அங்கே பொரித்து இயந்திரத்தில் பொரிக்கவில்லை என்றால் சேவல் தப்பித்தது.

குட்டைக் கால் கணக்கு: நாலில் ஒன்று சாகும்

முட்டை சேமிப்பு சரி, இயந்திரமும் சரி, ஆனாலும் முதல் வாரத்திலேயே கரு சாகிறது. கோழி ஜப்பானிய பேண்டம் மாதிரி குட்டைக் கால் இனம். அப்படியென்றால் காரணம் மரபணு.

இந்தக் கோழிகளின் கால் குட்டையாக இருப்பதற்கு ஒரு மரபணு மாற்றம் காரணம். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ அது ஒன்று மட்டும் வந்தால் கால் குட்டையாகும், கோழி நன்றாக வாழும். இரண்டு பேரிடமிருந்தும் வந்தால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும், பெரும்பாலும் முதல் வாரத்துக்குள். சீனாவின் சிங்யி என்ற குட்டைக் கால் பேண்டம் இனத்தை ஆராய்ந்தவர்கள், எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான ஒரு மரபணுவே அங்கே காணாமல் போயிருப்பதை 2016இல் வெளியிட்டார்கள்.

கணக்கு இப்படி வரும்:

குட்டைக் கால் சேவல், குட்டைக் கால் பெட்டை: 12 முட்டையில் கரு கூடினால், சராசரியாக 3 சாகும். 6 குட்டைக் கால் குஞ்சு, 3 நீளக் கால் குஞ்சு.

குட்டைக் கால் சேவல், நீளக் கால் பெட்டை (அல்லது மாற்றி): இந்தக் காரணத்தால் ஒன்றும் சாகாது. சராசரியாக 6 குட்டை, 6 நீளம்.

கவனித்தீர்களா? இரண்டு வழியிலும் கிடைக்கும் குட்டைக் கால் குஞ்சு 6தான். முதல் வழியில் மூன்று கரு வீணாகச் சாகிறது, அவ்வளவுதான். ஆனால் பலர் நீளக் கால் குஞ்சைப் பார்த்ததும் 'கலப்பு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அதே பெற்றோருக்குப் பிறந்த நீளக் கால் குஞ்சு கலப்பு இல்லை. அதை ஜோடி சேர்க்க வைத்துக்கொண்டால் முட்டை வீணாவது குறையும்.

கரு கூடவே இல்லையென்றால்: சேவலா, பெட்டையா?

உடைத்துப் பார்த்த முட்டை எதிலும் வளையம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே சேவலை மாற்ற வேண்டாம். ஒரு சின்னச் சோதனை போதும்.

சந்தேகமான சேவலை, ஏற்கெனவே குஞ்சு பொரித்த அனுபவமுள்ள இரண்டு பெட்டைகளோடு விடுங்கள். அந்தப் பெட்டைகள் அதற்கு முன் மூன்று வாரம் வேறு சேவலோடு இல்லாமல் இருக்க வேண்டும். ஏனென்றால் பெட்டைக்கோழி சேவலின் விந்தை உடலுக்குள் நுண்ணிய குழாய்களில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை சேர்ந்தால் இரண்டு, சில நேரம் மூன்று வாரம் வரைகூட கரு கூடிய முட்டை வரும். இது தெரியாமல் சேவலை மாற்றிய அடுத்த நாளே முட்டை எடுத்து வைத்தால், குஞ்சு பழைய சேவலுடையதாக இருக்கலாம்.

சேர்ந்து விட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு இடும் முட்டைகளை உடைத்துப் பாருங்கள். வளையம் இருந்தால் சேவல் நல்ல சேவல்; பழைய பெட்டையைத்தான் கவனிக்க வேண்டும். வளையம் இல்லையென்றால் சேவலைச் சோதிக்க வேண்டும்.

மிதிக்கிறதா இல்லையா என்று பார்க்க மாலை 4 மணிக்கு மேல் கவனியுங்கள். சேவல்கள் பெரும்பாலும் மாலையில்தான் அணையும். ஏறுவது மட்டும் போதாது. சேவலுக்கு வெளியே தெரியும் உறுப்பு இல்லை. இரண்டின் எச்சவாயும் ஒரு நொடி ஒட்டினால்தான் விந்து போய்ச் சேரும். ஏறி, வழுக்கி, இறங்குவது மிதித்த கணக்கில் வராது.

சேவலின் உடம்பில் என்ன பார்க்கணும்?

சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் பாருங்கள்.

இறகு: கொச்சின் பேண்டம், சில்க்கி வகைகளுக்கு எச்சவாயைச் சுற்றி அடர்த்தியான இறகு இருக்கும். அதுவே தடுப்புச் சுவர். சேவல், பெட்டை இரண்டுக்கும் அந்த இடத்து இறகைக் கத்தரியால் ஒட்ட வெட்டிவிட்டால் பல நேரம் அடுத்த வாரமே மாற்றம் தெரியும். பிடுங்கக் கூடாது, வெட்டணும்.

கால்: சேவல் ஏறி நிற்க வேண்டியது காலில். கம்பி வலைத் தரையில் வளர்ந்து உள்ளங்காலில் புண் வந்த சேவல் ஏறவே யோசிக்கும். நகமும் கால் முள்ளும் நீண்டிருந்தால் பெட்டையின் முதுகு கிழியும். வலி கண்ட பெட்டை அடுத்த முறை உட்காராது. நகத்தை நுனியில் மட்டும் வெட்டலாம், ரத்த நாளம் வரை போகக் கூடாது.

செள்ளு, பேன்: எச்சவாயைச் சுற்றி இறகு அடியில் கறுப்பாக அப்பியிருந்தால் செள்ளுத் தொல்லை. ரத்தம் குடிக்கும் செள்ளு சேவலை மெலிய வைத்து, இனச்சேர்க்கை ஆர்வத்தையும் குறைக்கும். மருந்து சேவலுக்கு மட்டும் போட்டுப் பயனில்லை. கூண்டு, இடுக்கு எல்லாம் சுத்தம் செய்ய வேண்டும். என்ன மருந்து, எவ்வளவு என்பதை கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். குட்டிக் கோழிக்கு அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து.

தீனி: முட்டைக் கோழித் தீவனத்தில் ஓடு கெட்டியாக 3.5 முதல் 4 சதவீதம் வரை சுண்ணாம்புச் சத்து இருக்கும். சேவலுக்குத் தேவையானது 1 சதவீதம் அளவுதான். வருடக்கணக்கில் அதையே தின்றால் சிறுநீரகம் கெடும். எல்லோருக்கும் வளரும் கோழித் தீவனம் போட்டு, பெட்டைக்கு மட்டும் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். தேவையுள்ளது மட்டும் கொத்தும். இன்னொன்று: நல்ல சேவல் தீனி கிடைத்ததும் 'கொக்கொக்' என்று பெட்டைகளைக் கூப்பிட்டு விட்டுக்கொடுக்கும். கூட்டத்தில் அதுதான் மெலிந்து போகும். நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்து கத்தி போல் துருத்திக்கொண்டிருந்தால், தினமும் அரை மணி நேரம் தனியாகத் தீனி வையுங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

வெயில்: சேவலின் விதைப்பை உடம்புக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. உடம்பு சூடானால் அதுவும் சூடாகும். தகர ஷீட் போட்ட மாடிக் கூண்டில் மதியம் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் சேவலிடம் நல்ல விந்தை எதிர்பார்க்க முடியாது. ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்று, பக்கவாட்டில் ஈரச் சாக்கு, குளிர்ந்த தண்ணீர், அதிகாலையிலும் மாலையிலும் தீனி என்று மாற்றிப் பாருங்கள். புது விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் வெயிலோ காய்ச்சலோ கண்ட சேவலை ஒரு மாதம் கழித்துத்தான் எடை போட வேண்டும். மே மாதச் சேவலை மே மாதமே விற்றால் நஷ்டம் நமக்குத்தான்.

வெளிச்சம்: சேவலின் இனப்பெருக்க உறுப்பு வேலை செய்வது பகல் வெளிச்சத்தை வைத்து. சேலத்தில் வருடம் முழுக்க பகல் நேரம் சுமார் 11.5 மணியிலிருந்து 12.75 மணிக்குள்தான் மாறுகிறது. அதனால் குளிர் நாடுகள் மாதிரி பெரிய பிரச்னை இல்லை. ஆனால் தார்ப்பாய் போட்டு மூடிய இருட்டுக் கூண்டு அந்த நன்மையையும் கெடுத்துவிடும்.

வயது, எண்ணிக்கை: ஆறு முதல் எட்டு மாதத்தில் சேவல் தயாராகும். இரண்டு, மூன்று வயதுக்குப் பிறகு வீரியம் குறையும். ஒரு பேண்டம் சேவலுக்கு 6 முதல் 10 பெட்டை வரை விடலாம். ஒரே பெட்டையோடு அடைத்து வைத்தால் அதன் முதுகு மொட்டையாகும். ஒரே இடத்தில் இரண்டு சேவல் இருந்தால் அடங்கிய சேவல் ஏறவே பயப்படும். சேவலைவிட மிகப் பெரிய பெட்டை என்றால் எட்டாது.

ரோஸ் கொண்டைச் சேவலுக்கு ஒரு ரகசியம்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் கரு கூடவில்லையா? கொண்டையைப் பாருங்கள். சீப்ரைட், ரோஸ்கோம்ப் பேண்டம், வயாண்டோட் பேண்டம் போன்றவற்றுக்கு தலையில் தட்டையாக, முண்டு முண்டாக இருக்கும் 'ரோஸ் கொண்டை' உண்டு. சாதாரண நாட்டுக்கோழியில் பார்க்கும் ரம்பம் போன்றது ஒற்றைக் கொண்டை. சேவல் வளர்ப்பவர்கள் கத்திப்பூ என்பார்கள்.

விலங்குகளிலும் மெண்டல் விதி வேலை செய்கிறது என்று 1902இல் இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன் காட்டியதே கோழிக் கொண்டையை வைத்துத்தான். அந்த ரோஸ் கொண்டைக்கும் சேவலின் வீரியத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பது வளர்ப்பவர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஏன் என்பதற்கு 2012இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருந்த குழு விடை சொன்னது. 7ஆவது குரோமோசோமில் ஒரு பெரிய துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஒரு முனையில் அது கொண்டை வடிவத்தை மாற்றுகிறது. இன்னொரு முனையில் விந்தணுவோடு தொடர்புடைய ஒரு மரபணுவை உடைக்கிறது.

இந்தத் துண்டு தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்த சேவலின் விந்தணு நன்றாக நீந்தாது. சேவல் மலடு இல்லை, ஆனால் கரு கூடுவது குறையும். ஒரு பக்கம் மட்டும் வந்த சேவலுக்கு இந்தப் பிரச்னை இல்லை. பெட்டைகளுக்கும் இல்லை. பார்வைக்கு இரண்டு சேவலும் ஒரே மாதிரி ரோஸ் கொண்டையோடுதான் இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தச் சேவலுக்கு ஒரு குஞ்சாவது ஒற்றைக் கொண்டையோடு பிறந்திருந்தால், அது ஒரு பக்கத் துண்டு மட்டும் உள்ள நல்ல சேவல். இங்கேயும் அதே வேடிக்கைதான். ஒற்றைக் கொண்டை குஞ்சைப் பார்த்ததும் 'ரத்தம் சுத்தமில்லை' என்று தந்தைச் சேவலையே கழித்துவிடுவார்கள். கையிலிருந்த வீரியமான சேவல் அப்படித்தான் போகிறது.

ஒரு பக்கத் துண்டு உள்ள சேவலை இரண்டு பக்கத் துண்டும் உள்ள பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே ரோஸ் கொண்டையோடு வரும். அழகும் கெடாது, பொரிப்பும் குறையாது.

சீப்ரைட் துரை சொன்ன எச்சரிக்கை

சீப்ரைட் சேவலுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அதற்கு சேவலுக்குரிய நீண்ட வால் இறகோ, கூர்மையான கழுத்து இறகோ இருக்காது. பார்க்க பெட்டை போலவே இருக்கும். ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் நொதி அதன் தோலில் அதிகமாக வேலை செய்வதுதான் காரணம். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய தாமஸ் ஹன்ட் மார்கன், விதை நீக்கிய சீப்ரைட் சேவலுக்கு சேவல் இறகு முளைப்பதைக் காட்டினார். இந்த இனத்தில் பொரிப்பு குறைவு என்பது உலகம் முழுக்க வளர்ப்பவர்கள் சொல்வது.

இந்த இனத்தை உருவாக்கிய இங்கிலாந்துக்காரர் சர் ஜான் சீப்ரைட், 1809இல் விஞ்ஞானி ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதத்திலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். நாய், கோழி, புறா என்று பலவற்றில் செய்து பார்த்த அனுபவத்தில், நெருங்கிய ரத்த உறவிலேயே தொடர்ந்து ஜோடி சேர்த்தால் கடைசியில் இனப்பெருக்கமே செய்ய முடியாத நிலை வரும் என்பதுதான் அவர் கருத்து.

அம்மாபேட்டை மாடிக் கூண்டுக்கும் இது பொருந்தும். ஒரே இடத்தில் வாங்கிய 'ஜோடி' பெரும்பாலும் ஒரே அடையில் பொரித்த அண்ணன் தங்கையாக இருக்கும். அவற்றின் குஞ்சை மறுபடி தகப்பனோடு சேர்ப்பார்கள். அண்ணன்–தங்கை, தகப்பன்–மகள் என்ற ஒவ்வொரு சேர்க்கையிலும், குஞ்சின் மரபணுக்களில் சராசரியாக 25 சதவீதம் இரண்டு பக்கமும் ஒரே நகலாக அமையும். மறைந்திருந்த குறைகள் வெளியே வர அது போதும். முதலில் கரு கூடுவது குறையும், பிறகு குஞ்சு பலவீனமாகும், கடைசியில் முட்டையே குறையும்.

தீர்வு செலவில்லாதது. சேவல் ஒரு இடம், பெட்டை வேறு இடம் என்று வாங்குங்கள். வளர்ப்பவர்கள் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை சேவலை மாற்றிக்கொள்ளலாம். கால் வளையம் போட்டு, எந்தக் குஞ்சு யாருக்குப் பிறந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஊசி, மாத்திரை போடலாமா?

'வீரிய' மாத்திரை, ஹார்மோன் ஊசி என்று கேள்விப்பட்டதை எல்லாம் போடாதீர்கள். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் கொடுத்தால் சேவல் கூவும், சண்டை போடும். ஆனால் சொந்த விதைப்பை வேலையைக் குறைத்துக்கொள்ளும். வைட்டமின் ஈ, செலினியம் குறைவாக இருந்தால் மருத்துவர் சொன்ன அளவில் கொடுப்பது பயன் தரும். அளவு மீறிய செலினியம் நஞ்சு. மரபணுக் காரணத்துக்கு எந்த மருந்தும் கிடையாது, ஜோடியை மாற்றுவதுதான் வழி.

செயற்கைக் கருவூட்டல் கோழிகளில் பல பத்தாண்டுகளாகப் பழக்கத்தில் உள்ளது. ஆனால் பேண்டம் சேவலில் கிடைக்கும் விந்து சில துளிதான். பழகாத கை அதைக் காயப்படுத்திவிடும். பயிற்சி எடுத்தவர்களிடம் கற்றுக்கொண்ட பிறகே முயற்சி செய்யலாம்.

யாரிடம் கேட்கலாம்?

முதலில் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகம். நாமக்கல்லில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் தலைவாசலில் இன்னொரு கால்நடை மருத்துவக் கல்லூரியும், சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. கால்நடைகளுக்கான அவசர ஊர்திக்கு 1962 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். சேவலை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், எத்தனை முட்டை வைத்தீர்கள், எத்தனையில் கரு கூடியது, எந்த நாளில் செத்தது என்ற குறிப்பையும் கொண்டு போங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

ஜோடி வாங்கும்போது கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்தச் சேவலும் பெட்டையும் ஒரே தாய்க்குப் பிறந்தவையா?
2. சேவலுக்கு வயது எவ்வளவு? இதற்கு முன் குஞ்சு பொரித்திருக்கிறதா?
3. கடைசியாக அடை வைத்ததில் எத்தனை முட்டையில் கரு கூடியது, எத்தனை பொரித்தது?
4. குட்டைக் கால் இனம் என்றால், நீளக் கால் குஞ்சும் இருக்கிறதா? ஒன்றை விலைக்குத் தருவீர்களா?
5. ரோஸ் கொண்டை இனம் என்றால், இந்தச் சேவலுக்கு ஒற்றைக் கொண்டை குஞ்சு பிறந்ததுண்டா?

கடைசி இரண்டு கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் பல பேர் முகம் சுளிப்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் அந்த ஜோடியைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள்.